வீட்டுக்குள் 10 மீட்டர் ரேஞ்ச்: வாசகர் கேள்வி–பதில்

ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் பயிற்சிக்கு வீட்டிலேயே இடம் ஒதுக்குவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். பதில்கள் எல்லாம் 4.5 மி.மீ. ஈய பெல்லட் சுடும் ஏர்கன்களுக்கு மட்டுமே. வெடிமருந்துத் துப்பாக்கி எதற்கும் இவற்றைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

மகளுக்கு 13 வயது. கிளப்பில் ஏர் ரைபிள் பழகுகிறாள். எங்கள் மனை 30க்கு 40. வீட்டுக்குள் 10 மீட்டர் கிடைக்குமா? எவ்வளவு இடம் வேண்டும்?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

10 மீட்டர் என்பது டார்கெட் அட்டையின் முகத்திலிருந்து, சுடுபவர் கால் வைக்கும் கோடு வரை. கோட்டுக்குப் பின்னால் நிற்கவும் மேஜை போடவும் ஒன்றரை மீட்டர் வேண்டும். அட்டைக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டிக்கும் தடுப்புப் பலகைக்கும் அரை மீட்டர். ஆக 12 மீட்டர். 40 அடி என்பது 12.2 மீட்டர்தான், முன்னும் பின்னும் விட்ட இடத்தையும் சுவரையும் கழித்தால் உங்கள் வீட்டில் உள்ளளவு 9 மீட்டருக்கு மேல் தேறுவது கடினம்.

அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. 7 மீட்டரில் கோடு போட்டு, டார்கெட்டையும் அதே விகிதத்தில் 70 சதவீதமாக அச்சிட்டால் கண்ணுக்குத் தெரியும் காட்சி ஒன்றுதான். ரைபிள் அட்டையில் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ.; 7 மீட்டருக்கு 21.35 மி.மீ. பிஸ்டல் அட்டையில் 59.5 மி.மீ.; அது 41.65 ஆகும். அட்டை குறைந்தபட்சம் 200 ஜி.எஸ்.எம். கனம் இருக்கட்டும். சாதாரண ஏ4 தாள் கிழிந்துபோகும். துளை எங்கே விழுந்தது என்றே தெரியாது.

இரண்டு விஷயங்களை மட்டும் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதலாவது, 7 மீட்டரில் எடுக்கும் மதிப்பெண்ணைக் கிளப்பில் எடுப்பதோடு ஒப்பிடக் கூடாது. அட்டை சுருங்கியது, பெல்லட் சுருங்கவில்லை. அதே 4.5 மி.மீ. பெல்லட் உள்வட்டத்தை எளிதில் தொட்டுவிடும், மதிப்பெண் கூடித் தெரியும். இரண்டாவது, 10 மீட்டருக்குச் சரிசெய்த சைட்டோடு (குறிபார்க்கும் கருவி) 7 மீட்டரில் சுட்டால் ஒரு செ.மீ.க்கு மேல் கீழே விழும். குழல் சைட்டுக்குக் கீழே இருக்கிறது, பெல்லட் இன்னும் அந்தக் கோட்டுக்கு ஏறி வந்து சேரவில்லை. கையில் தவறில்லை. சைட் திருகை வீட்டுக்கு எத்தனை கிளிக், கிளப்புக்கு எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்று எழுதி ரைபிள் பெட்டிக்குள் ஒட்டிவைக்கட்டும்.

டார்கெட்டின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரம்; 5 செ.மீ. ஏறலாம், இறங்கலாம். இதைச் சுடுபவர் நிற்கும் தரையிலிருந்து அளக்க வேண்டும். ஹாலில் நின்று, ஒரு படி தாழ்ந்த தாழ்வாரத்தில் டார்கெட் வைப்பவர்கள் பலரும் தாழ்வாரத் தரையிலிருந்து அளந்துவிடுகிறார்கள். பிள்ளை படி உயரத்துக்குக் குனிந்தே பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரிய பாடு.

பழைய வீடுகளில் வாசலும் கொல்லையும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். நீளம் கிடைக்கிறதே என்று அந்தக் கோட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டார்கெட்டுக்குப் பின்னால் கதவு, ஜன்னல் எதுவும் இருக்கக் கூடாது. பூட்டிய கதவானாலும் கூடாது. கோட்டுக்கும் டார்கெட்டுக்கும் நடுவில் பக்கவாட்டில் கதவு இருந்தால் உள்ளே தாழ்ப்பாள் போட்டே ஆக வேண்டும். அறைக்குள் வரும் ஒரே வழி சுடுபவருக்குப் பின்னால் இருப்பதே நல்லது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே ரேஞ்ச் இருந்தது. அவ்வளவு வசதி இல்லாத வீட்டிலும் இந்த ஒரு ஒழுங்கைக் கொண்டுவர முடியும்.

மூன்றாவது மாடி ஃபிளாட். ஒவ்வொரு முறை சுடும்போதும் ‘டங்’ என்று கேட்கிறதாம், கீழ்வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். சத்தம் குறைவான ரைபிள் வாங்க வேண்டுமா? குழல் முனையில் ஏதாவது மாட்டலாமா?
— ஒரு வாசகர், சென்னை

ரைபிளை மாற்ற வேண்டாம். அவர்களுக்குக் கேட்பது ரைபிள் அல்ல, பெல்லட் போய் விழும் உங்கள் தகரப் பெட்டி.

ஏர்கன்னில் மூன்று சத்தம் உண்டு: உள்ளே ஸ்பிரிங் அல்லது வால்வ் அடிப்பது, குழல் முனையில் காற்று வெளிவருவது, பெல்லட் போய் மோதுவது. முதல் இரண்டும் சுடுபவருக்குப் பெரிதாகக் கேட்கும். கன்னம் ரைபிள் கட்டையில் அழுந்தியிருப்பதால் எலும்பு வழியே இன்னும் பெரிதாகும். அறைக் கதவையும் ஜன்னலையும் சாத்தினால் அவை பெரும்பாலும் அறைக்குள்ளேயே அடங்கிவிடும். மூன்றாவது அப்படியல்ல. சுவரில் ஆணியடித்து மாட்டிய இரும்புப் பெட்டியில் பெல்லட் மோதினால், அதிர்வு கான்கிரீட் வழியாகவே கீழே இறங்கும். கதவைச் சாத்துவதால் அது நிற்காது.

குழல் முனையில் எதையும் மாட்டாதீர்கள். நேர்கோட்டில் இம்மி பிசகினாலும் பெல்லட் அதன் விளிம்பைத் தொட்டு எங்கோ போகும். சத்தத்தைக் குறைக்கப் போய் ஆபத்தை விலைக்கு வாங்குவதாகிவிடும்.

செய்ய வேண்டியது ரப்பர் துகள் நிரப்பிய பெட்டி. 12 மி.மீ. பிளைவுட்டில் உள்ளளவு 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம், 15 செ.மீ. ஆழம். பின்பலகையின் உட்பக்கம் 2 மி.மீ. இரும்புத் தகடு. மேலே திறந்து மூடும் மூடி. முன்பக்கம் பலகை வேண்டாம். அட்டைப்பெட்டிக் காகிதத்தை மூன்று மடிப்பாக வைத்து, சுற்றிலும் ரீப்பர் சட்டம் அடித்துவிடுங்கள். நிரப்புவதற்கு லாரி டயர் ரீட்ரெடிங் செய்யும் பட்டறையில் கேளுங்கள். டயரைச் சுரண்டும்போது விழும் ரப்பர் துகள் அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். இந்தப் பெட்டிக்கு 24 லிட்டர் கொள்ளளவு. எடையில் 10 முதல் 12 கிலோ பிடிக்கும்.

வாங்கி வந்ததை அப்படியே கொட்டாதீர்கள். முதலில் மாவுச் சல்லடையில் சலித்து, தூளாக இருப்பதை ஒதுக்குங்கள். அது உள்ளே போனால் ஒவ்வொரு அடிக்கும் கரும்புகை போலக் கிளம்பும். பிறகு ஒரு காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவுங்கள். ரேடியல் டயரின் கம்பித் துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும். கம்பி கிடந்தால் பெல்லட் அதில் பட்டுத் திரும்பலாம். 3 முதல் 6 மி.மீ. அளவுள்ள துகள்தான் சரி. மூடி வரை அழுத்தி நிரப்புங்கள். இரண்டு வாரத்தில் தானாகவே அமுங்கி மேலே இடைவெளி விழும், மறுபடி நிரப்ப வேண்டும். இந்த இடைவெளியைக் கவனிக்காமல் விட்டால், மேலே விலகிய பெல்லட் நேராகப் பின்தகட்டில் போய் மோதும். பழைய ‘டங்’ திரும்ப வந்துவிட்டது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொரு சிக்கல் நன்றாகச் சுடுபவர்களுக்குத்தான் வரும். எல்லா பெல்லட்டும் ஒரே இடத்தில் விழுந்து, ரப்பருக்குள் ஈயக் கட்டி ஒன்று உருவாகும். அடுத்த பெல்லட் அந்த ஈயத்தில் மோதிச் சிதறும், சத்தமும் மாறும். 500 சுட்டதும் மூடியைத் திறந்து, கையுறை போட்டுக் கிளறிவிடுங்கள். இரண்டாயிரம் ஆனதும் கொட்டிச் சலித்து ஈயத்தைப் பிரித்தெடுங்கள்.

பெட்டியைச் சுவரில் மாட்டாதீர்கள். நான்கு கால் ஸ்டாண்டில் வைத்து, கால்களுக்கு வாஷிங் மெஷின் அடியில் வைக்கும் ரப்பர் பேட் போடுங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே 15 செ.மீ. விடுங்கள். அந்த இடைவெளியில் 4 அடிக்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஒன்று நிற்கட்டும். அதன் முன்னால் பழைய ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். பெட்டியைத் தவறவிட்ட பெல்லட் தொங்கும் துணியில் வேகம் இழந்து கீழே விழும். இழுத்துக் கட்டிய துணிக்கு அந்தக் குணம் இல்லை.

இரும்புப் பெட்டியைத் தூக்கிப்போட மனமில்லை என்றால், உள்ளே இருக்கும் சாய்வுத் தகட்டின் பின்புறம் கார் கதவுக்குள் ஒட்டும், அதிர்வை அடக்கும் டாம்பிங் ஷீட்டை ஒட்டுங்கள். அடியில் இரண்டு அங்குலம் மணல் போடுங்கள். பாதிக் குறைச்சல் தெரியும். ரப்பர் பெட்டிக்கு ஈடாகாது.

பெல்லட்டையும் கவனியுங்கள். எடை குறைந்த அலாய் பெல்லட்டை வேகமான ஸ்பிரிங் ரைபிளில் போட்டால் ஒலியின் வேகத்தைத் தாண்டலாம். நம் ஊர் வெப்பத்தில் அது விநாடிக்கு சுமார் 348 மீட்டர். தாண்டினால் ‘பளார்’ என்று ஒரு சத்தம், அதை எந்தப் பெட்டியாலும் தடுக்க முடியாது. தட்டைமுனை ஈய பெல்லட், 0.50 கிராமை ஒட்டிய எடை, போதும். போட்டி ரைபிளில் அது 170 மீட்டர் சொச்சம் வேகத்தில், 8 ஜூல் அளவு ஆற்றலில்தான் போகும்.

தடிமனான மரப்பலகைக்கு முன்னால் அட்டையை ஒட்டிச் சுடுகிறேன். சில சமயம் பெல்லட் காலடி வரை திரும்பி வருகிறது. ஏன்?
— ஒரு வாசகர், சேலம்

இன்றே நிறுத்துங்கள். கடினமான மரம் பெல்லட்டை உள்வாங்காது, உதைத்துத் தள்ளும். இறுக்கிக் கட்டிய செய்தித்தாள் கட்டும் அப்படித்தான்: முதல் நூறு பெல்லட்டை வாங்கிக்கொள்ளும், பிறகு ஈயம் சேர்ந்து பலகையாகிவிடும். குயவர் களிமண் ஒரு வாரம் நன்றாக இருக்கும். காய்ந்தால் வெடித்துச் சிதறும். பள்ளிப் பிள்ளைகள் உருவம் செய்யும் எண்ணெய்க் களிமண் காயாது, நல்லதுதான், ஆனால் ஒரு பெட்டி நிரப்ப விலை கட்டுப்படியாகாது.

வட்டமான இரும்பு பி.பி. குண்டை வீட்டுக்குள் சுடவே கூடாது. ஈயம் மோதினால் நசுங்கும், இரும்பு நசுங்காது. வந்த வேகத்தில் பெரும்பகுதியோடு திரும்பும். எந்தப் பெட்டி வைத்திருந்தாலும், சுடுபவரும் அறையில் இருக்கும் மற்றவர்களும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே இருக்க வேண்டும். பவர் கண்ணாடி அதற்கு ஈடல்ல.

மொட்டை மாடியில் நல்ல நீளம் இருக்கிறது. அங்கே வைக்கலாமா?
— ஒரு வாசகர், மதுரை

வேண்டாம். கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போகும் பெல்லட் 300 மீட்டர் வரை பறக்கக் கூடும். அதற்குள் எத்தனை மாடி, எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கும் கவனக்குறைவுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 125ஆம் பிரிவு இருக்கிறது. மாடியில் கூரையோடு மூன்று பக்கம் சுவர் எழுப்பிய அறை இருந்தால் மட்டும் யோசிக்கலாம். புறா, காக்கை, நாய் என்று எந்த உயிரையும் நோக்கி ஏர்கன்னைத் திருப்பும் எண்ணம் உள்ளவருக்கு இந்தப் பக்கத்தில் பதில் கிடையாது.

ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா? வீட்டில் ரேஞ்ச் வைக்க அனுமதி வாங்க வேண்டுமா?
— ஒரு வாசகி, ஈரோடு

2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று கூடினாலும் தேவை, 5.5 மி.மீ. ஏர் ரைபிள் அப்படித்தான் மாட்டிக்கொள்ளும். கடை ரசீதையும், ஆற்றலைக் குறிப்பிடும் தயாரிப்பாளர் சான்றையும் பத்திரமாக வைத்திருங்கள். ஸ்பிரிங்கை மாற்றி வேகம் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 20 ஜூலைத் தாண்டியதும் அது வேறு ஆயுதம்.

வாடகை வீடானால் உரிமையாளரிடமும், ஃபிளாட்டானால் சங்கத்திடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டாரை ஒருநாள் உள்ளே அழைத்து, பெட்டியையும் தடுப்பையும் காட்டி, எந்த நேரத்தில் சுடுவீர்கள் என்று சொல்லுங்கள். என்னவென்று தெரியாத சத்தம்தான் போலீஸுக்கு போன் போட வைக்கும். ரைபிளை வெளியே எடுத்துப் போகும்போது மூடிய பெட்டியில்தான். ஆட்டோவிலும் பஸ்ஸிலும் உறையில்லாமல் கொண்டுபோகவே கூடாது.

சிறுபிள்ளைகள் ஓடியாடும் வீடு. என்னென்ன கட்டுப்பாடு வைக்க வேண்டும்?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

ரைபிள் ஒரு பூட்டில், பெல்லட் வேறொரு பூட்டில், இரண்டு சாவியும் பெரியவர் கையில். வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து சுடத் தொடங்கும் வரை குழலுக்குள் பாதுகாப்புக் கொடி இருக்க வேண்டும். குழல் நீளத்துக்கும் ஓடி, இரண்டு முனையிலும் வெளியே தெரியும் பளிச்சென்ற நைலான் இழை அது. புல்வெட்டும் இயந்திரத்துக்கு விற்கும் ஆரஞ்சு நைலான் கயிறு ஒரு மீட்டர் வாங்கினால் போதும். கயிறு இருபுறமும் தெரிந்தால் உள்ளே பெல்லட் இல்லை என்று அறைக்குள் நுழையும் யாருக்கும் தெரிந்துவிடும்.

அட்டை மாற்றப் போகும்போது இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும்: லிவரைத் திறந்து, கொடி போட்டு, ரைபிளை மேஜையில் வைத்து, கையை எடுத்த பிறகுதான் கோட்டைத் தாண்ட வேண்டும். அறைக் கதவை உள்ளே தாழிட்டு, வெளியே ஒரு சிவப்பு பல்பு எரியவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் தனியாகச் சுடக் கூடாது, எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும்.

டார்கெட் மங்கலாகத் தெரிகிறது. டியூப்லைட் போதாதா?
— ஒரு வாசகர், திருச்சி

போதாது. டார்கெட் முகத்தில் 1500 லக்ஸ் வெளிச்சம் குறைந்தபட்சம். 1800 இருந்தால் நல்லது. நிற்கும் இடத்தில் 300 முதல் 500. 4000 கெல்வின் நிறத்தில் இரண்டு எல்.இ.டி. ஸ்பாட் விளக்கை அட்டையிலிருந்து ஒரு மீட்டர் முன்னால், இடமும் வலமும் கீழிருந்து அடியுங்கள். விளக்குகளை மறைத்து, சுடுபவர் பக்கம் ஒரு தகடு நிற்கட்டும். ரப்பர் பெட்டியை ஒட்டி விளக்கு வைக்காதீர்கள். ரப்பர் தீப்பிடிக்கும் பொருள். போன் கேமராவில் பார்த்தால் மலிவான பல்பில் பட்டை பட்டையாக ஓடும். அதை வாங்காதீர்கள், ஒரு மணி நேரத்தில் கண் சோர்ந்துவிடும்.

பெல்லட் ஈயம் என்கிறார்கள். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. பயப்பட வேண்டுமா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

கவனமாக இருக்க வேண்டும், அதுவும் உங்கள் வீட்டில் மிகவும். குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 500 பெல்லட் உள்ள ஒரு டப்பாவில் கால் கிலோவுக்கு மேல் ஈயம் இருக்கிறது. கட்டியாகக் கிடக்கும் ஈயத்தைவிட, விரல்நுனியில் ஒட்டும் கரியும் பெட்டியைச் சுற்றி விழும் தூளும்தான் நாம் பயப்பட வேண்டியவை. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும்.

ஆகவே ரேஞ்ச் இருக்கும் அறைக்குள் குழந்தையை எப்போதுமே விடாதீர்கள். சுடாத நேரத்திலும் விடக் கூடாது. டார்கெட் பக்கத்து மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, சாதாரண வாக்குவம் கிளீனரும் கூடாது. இரண்டும் தூளைக் காற்றில் ஏற்றும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே அலச வேண்டும். பெட்டியின் கீழே விளிம்பு உள்ள தட்டு ஒன்று வைத்தால் சிந்துவதெல்லாம் அதில் விழும். சுட்டவர் சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவி, சட்டையை மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. விட்டுவிடச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் பெட்டியைச் சுத்தம் செய்ய வேண்டாம்.

பிரித்தெடுத்த ஈயத்தை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, பழைய பேட்டரி எடுக்கும் அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் கொடுங்கள். அடுப்பில் வைத்து உருக்கிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரக் கூடாது.

பி.சி.பி. ரைபிளுக்கு (சிலிண்டரில் அடைத்த அழுத்தக் காற்றால் சுடுவது) கைப்பம்பில் காற்று அடிக்கிறேன். கடலோர ஊர். உள்ளே துருப்பிடிக்குமா? ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பலாமா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

இரண்டாவதை முதலில் சொல்கிறோம்: ஆக்சிஜன் ஒருபோதும் கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன் சிறு எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டாலும் வெடிக்கும். காற்று மட்டுமே. சிலிண்டர் திருகிலும் ஓ–ரிங்கிலும் மிஷின் ஆயில் விடாதீர்கள். சிலிக்கோன் கிரீஸ், அதுவும் விரல்நுனி அளவு.

ஈரம் உள்ளே போகத்தான் செய்யும். பம்புக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி மாட்டுங்கள்; அதன் மணிகள் நிறம் மாறினால் மாற்றுங்கள். ஐம்பது அடிக்கு ஒருமுறை பிளீட் திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றி, பம்ப் ஆறும் வரை பொறுங்கள். போட்டி ரைபிள் சிலிண்டர்கள் பெரும்பாலும் 200 பார் அழுத்தத்துக்கானவை. தகட்டில் என்ன அளவு பொறித்திருக்கிறதோ அதற்கு மேல் ஒரு கோடுகூட ஏற்றாதீர்கள். காலாவதித் தேதியும் அதிலேயே இருக்கும். தேதி முடிந்த சிலிண்டர் பார்க்கப் புதிதாகவே இருந்தாலும் நிரப்பக் கூடாது.

வேலை முடிந்து வர இரவு பத்தாகிறது. அந்த நேரத்தில் சுட்டால் அக்கம்பக்கம் எழுந்துவிடும். சுடாமலே பழக வழி உண்டா?
— ஒரு வாசகர், ஓசூர்

உண்டு. அதிலிருந்துதான் உங்கள் மதிப்பெண் வரும் என்றே சொல்வோம். பெல்லட் இல்லாமல் குறிபார்த்து டிரிகரை விடும் வெற்றுப் பயிற்சி அது. போட்டி பி.சி.பி. ரைபிளிலும் பிஸ்டலிலும் இதற்கென்றே தனி நிலை இருக்கிறது. காற்று செலவாகாது, ‘டிக்’ என்ற ஒலி மட்டும்தான். பெல்லட் டப்பாவை அறைக்கு வெளியே வைத்துவிட்டு, குழல் காலி என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அப்போதும் குழல் பெட்டியை நோக்கியே இருக்கட்டும்.

முதல் இருபது முறை டார்கெட்டைத் திருப்பி வைத்து, வெறும் வெள்ளை அட்டையைப் பாருங்கள். கறுப்பு வட்டம் இல்லாதபோது கண் அதைத் துரத்தாது. சைட்டும் விரலும் என்ன செய்கின்றன என்று தெளிவாகத் தெரியும். டிரிகர் விட்டபின் இரண்டு விநாடி அசையாமல் நின்று, முன்சைட் எந்தப் பக்கம் துள்ளியது என்று மனதுக்குள் சொல்லுங்கள். எப்போதும் வலப்பக்கம் என்றால் விரல் டிரிகரை நேராக இழுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கம் என்றால் நிற்கும் நிலையே சரியில்லை. பிறகு டார்கெட்டைத் திருப்பி இன்னும் நாற்பது. போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம். இங்கேயும் அதே நிதானம் வேண்டும், விரட்டக் கூடாது.

ஸ்பிரிங் ரைபிளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பெல்லட் இல்லாமல் விட்டால் முன்னால் தடுக்கும் காற்றழுத்தம் இல்லை. பிஸ்டன் நேராகப் போய் இரும்பில் இடித்து சீல் நொறுங்கும். ஸ்பிரிங் ரைபிள் வைத்திருப்பவர்கள் இரவில் லோடு செய்யாமல், ஏந்தி நிற்பதையும் குறி அடங்குவதையும் மட்டும் பழகட்டும். ஒரு நிலைக்கு 30 விநாடி, நடுவே ஒரு நிமிட ஓய்வு, பத்து முறை.